விலையைச் சொன்ன பிறகு

குறும்பனைப் பெண்கள் கால்பந்துக் குழுவுக்கு
நான் செயலாளர் ஆனது
பந்து ஆடத் தெரியும் என்பதால் அல்ல.
கூட்டத்தில் பேனா என்னிடம் மட்டும் இருந்தது.

பந்து நான்கு, காற்று நிற்பது இரண்டில்.
கோலி ஆஷ்லினின் கையுறைக்கு வெளியே
பெருவிரல் எட்டி மழை பார்க்கிறது.
போட்டி திண்டுக்கல்லில்.
வேன், மூன்று நாள் சோறு, நுழைவுக் கட்டணம், சட்டை,
கூட்டினால் எண்பத்தாறாயிரத்து நானூறு.
கையிருப்பை அது இருக்கும் பிஸ்கட் டப்பாவோடு சேர்த்து விற்றாலும்
இரண்டாயிரம் தேறாது.

"வல்லதும் உதவி செய்யுங்க" என்று போனேன்.
மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வியாபாரி
ஐந்நூறு தந்தார், காப்பி தந்தார்,
தன் மூட்டுவலியில் முக்கால் மணி நேரம் தந்தார்.
கருங்கல் முந்திரி ஆபீசில்
"பெட்டப்பிள்ளியளுக்கு எதுக்கு பந்து?" என்றார்கள்.
அதற்கு நல்ல பதில் ஒன்று என்னிடம் இருந்தது.
பஸ் ஏறிய பிறகு கிடைத்தது.

விடியற்காலை கரையில் வறுவேல் ஏலம் விளிக்கிறான்.
ஒன்பதாம் வகுப்பில் என்னோடு சேர்ந்து தோற்றவன்.
மணலில் ஒரு நெய்மீன்.
"நாலாயிரத்து இருநூறு."
பிறகு பேசவில்லை.
மீனைப் புகழவில்லை,
அலையில் பட்ட பாட்டைச் சொல்லவில்லை,
குனிந்து வாளியில் கை கழுவினான்.
வியாபாரிகள் ஐஸ் பெட்டியைப் பார்த்தார்கள்,
ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்,
யாரோ ஒருவருக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை:
"நாலு முந்நூறு."

இரவு பழைய மனுவைக் கிழித்தேன்.
அதில் 'ஏழை' ஐந்து முறை,
'தயவுகூர்ந்து' ஏழு.
புதிய தாளில் எழுதினேன்:
திருவிழாப் பந்தயத்துக்கு நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு பேர்
(வறுகடலை விற்றவனிடம் பொட்டலக் கணக்கு கேட்டுச் சரிபார்த்தது),
அதில் கலியாண வயதில் பிள்ளை உள்ளவர்கள் பாதிக்கு மேல்.
நெஞ்சில் கடைப்பெயர், எட்டு அங்குலம்: அறுபதாயிரம்.
முதுகில் நாற்பது.
கை விற்பனைக்கு இல்லை, அங்கே ஊர்ப் பெயர்.

நாகர்கோவில் நகைக்கடையில் கோலப்பன் முதலாளி
தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை.
"அறுபதா?"

என் வாய்க்குள் சொற்கள் முண்டியடித்தன.
ஆஷ்லினின் பெருவிரல்.
ஒக்கி வந்த வருஷம் கடலுக்குப் போன அவள் அப்பா.
அதைச் சொன்னால் தருவார்,
கண் கலங்கிக் கேட்டதற்கு மேலும் தருவார்.
அதை நான் விலைப்பட்டியலில் சேர்க்கவில்லை.

கை கழுவ வாளி இல்லை.
புடவை மடிப்பைச் சரிசெய்தேன்.
மின்விசிறி சுற்றியது. பையன் டீ வைத்துவிட்டுப் போனான்.
தராசுக்குக் கண்ணாடிக் கூடு போட்டிருக்கிறார்கள்,
மூச்சுக்காற்று எடையைக் கெடுக்குமாம்.

"நாற்பத்தஞ்சு."
டீ ஆறியது.
"அம்பத்திரண்டு. எழுத்து சிவப்பில வேணும்."
"சட்டையே சிவப்பு சார்."
"அப்ப மஞ்சள்."

செக் மூன்றாம் நாள் பாஸானது.
மீதிக்கு ஐஸ் பிளாண்டில் முதுகை விற்றேன்,
நாற்பதுக்கு அல்ல, இருபத்தைந்துக்கு, அதுவும் இரண்டு தவணை.
சனிக்கிழமைதோறும் வள்ளத்துக்கு ஒரு மீன்
வறுவேலே விளித்துக் கொடுத்தான்,
கமிஷன் எடுத்துக்கொண்டுதான்.

புறப்படும் காலை. வேனில் பிள்ளைகள் ஏறியாயிற்று.
மீன் சட்டியோடு போன மரியலீலா அக்கா நின்று
இருபது ரூபாய் நீட்டினாள்.
வாங்கிப் பையில் போட்டேன்.
"ரசீது?"
"இருபது ரூவாக்கா அக்கா?"
"நகைக்கடைக்காரனுக்குக் குடுத்தேல்லா?"

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.
சட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.
டிரைவர் ஹாரன் அடித்தான்.

புத்தகத்தைத் திறந்தேன். எண் 113.
அவசரத்தில் கார்பனைத் தலைகீழாக வைத்துவிட்டேன்,
குறுக்கே கோடிட்டு 'ரத்து' என்று எழுதி,
ஆடிட்டர் கேட்பாரென்று தாளைக் கிழிக்காமல்
114இல் மறுபடி எழுதினேன்:
மரியலீலா, குறும்பனை, ரூபாய் இருபது மட்டும்.

வாசித்துப் பார்த்து
"லீலாவுக்கு ரெண்டு கால் போட்டிருக்கியே, சரி" என்றாள்,
இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.