வருகையின் நோக்கம்

பாரிசால் என்று எழுதச் சொன்னாள்.
பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து,
அரசாங்கக் கணினியில் வேறோர் எழுத்து.
இரண்டையும் ஒப்பிட்டு நான் தட்டி முடிப்பதற்குள்
மொமேனா காதுன், வயது நாற்பத்தாறு,
பெட்டியின் மேல் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.
வருகையின் நோக்கம்: சிகிச்சை.
தம்பிக்கு இதயத்தில் ஒரு வால்வு.

காந்தி ரோட்டுக்குப் பின்சந்தில் எங்கள் லாட்ஜ்.
மாடிப்படி முழுக்கக் கடுகெண்ணெய் வாசம்.
அறைக்கு ஒரு ஸ்டவ், இரண்டு பாத்திரம், வாடகை தனி.
எதிர்க்கடைப் பலகையில் வங்காள எழுத்து;
எழுதியவன் அணைக்கட்டுக்காரன்,
கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோல் போட்டான்.
எனக்கும் இருபது வார்த்தை வரும்:
வலி, சோறு, வெந்நீர், ரத்தம், நாளைக்கு...
அவள் நாட்டைப் பற்றி நான் அறிந்தது அவ்வளவுதான்.
அங்கே எல்லாருக்கும் ஏதோ ஓர் உறுப்பு பழுது என்று
வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு என் நாடு
லாட்ஜிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை,
அறுநூறு அடி.
அதற்குள்ளேயே தீர்ப்புகள் சேர்த்துவிட்டாள்.
உங்கள் ஜனங்கள்
சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு
பதில் வருவதற்குள் போய்விடுகிறார்கள்.
பாலில்லாத டீ கேட்டால்
வீட்டில் யார் செத்தது என்பதுபோல் பார்க்கிறார்கள்.
செருப்பைக் கோயில் வாசலில் விட்டு
மனசை அதன் மேலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள்.
அவள் இந்தியில் சொன்னாள்,
நான் என் இந்தியில் கேட்டுக்கொண்டேன்.
நடுவில் எவ்வளவு சிந்தியதோ.

தம்பி ஐ.சி.யு.வில் இருந்த வாரம்
காட்பாடி வரை போய்வந்து கேட்டாள்:
பாலத்தில் ஆட்டோக்காரன் ஆறு என்றானே,
எங்கே ஆறு?
ஓடுகிறது, மணலுக்கு அடியில் என்றேன்.
முதல்முறையாகச் சிரித்தாள்.
எங்கள் ஊரில் படகுக்கு அடியில் ஓடும்.

ஊர்ப் பழமொழியைச் சொன்னேன்:
சாமியில்லாத கோயில், ராஜாவில்லாத கோட்டை,
மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு.
சாமி மட்டும் பிற்பாடு வந்துவிட்டார்.
இல்லாததையெல்லாம் சொல்லிப்
பெருமைப்படுகிற நாட்டை
இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள்.

ஐப்பசி கடைசியில் நாலு நாள் மழை விடவில்லை.
மேலே எங்கோ மதகு திறந்தார்கள்.
பாலாறு வந்துவிட்டது.

பாலத்தில் நிற்க இடமில்லை.
தோல் கம்பெனி ஷிப்ட் முடிந்தவர்கள்,
டியூஷனுக்கு மட்டம் போட்ட பிள்ளைகள்,
கைக்குழந்தையைத் தூக்கித் தண்ணீரைக் காட்டும் தகப்பன்.
ஒரு போலீஸ்காரர் கூட்டத்தை விரட்டிவிட்டுத்
தானும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.
ஒருத்தி மஞ்சளும் பூவும் வீசிக்
கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
கல்யாண வீடு கெட்டது போங்கள்.

மொமேனாவையும் கூட்டிப்போயிருந்தேன்.
எங்களுக்கும் ஆறு உண்டு, பார் என்று
கை நீட்டித் திரும்பினால்
அவள் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் வரவேயில்லை.
நடுரோட்டில் ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி
கேட்டது ஒன்றுதான்:
கரையில் யார் வீடு?

ஆறு வந்தால் நாங்கள்
கூரைத் தகரத்தைக் கழற்றித் தலையில் வைத்துக்கொள்வோம்.
நாலு முறை நகர்ந்தோம்.
அப்பாவின் கபரை நகர்த்த முடியவில்லை.
உங்கள் ஆட்கள் ஆற்றுக்குப் பூப் போடுகிறார்கள்.

அதில் கோபம் இருந்ததா தெரியவில்லை.
விருதம்பட்டுப் பக்கம் திரும்பினேன்.
செம்மண் தண்ணீரில் ஒரு மோட்டார் கொட்டகை,
பக்கத்தில் இரண்டு கூரை,
ஒன்றின் மேல் ஆடு.
அரைமணி நேரமாக
நான் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கார்த்திகையில் தம்பி நடந்தே இறங்கி வந்தான்,
ஒரு கை மார்பில்,
ஒவ்வொரு படியையும் விலை பேசி வாங்குவதுபோல்.
ஸ்டவ்வைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள்.
கணினி வெளியேறும் தேதி கேட்டது, கொடுத்தேன்.
வேறொன்றும் கேட்கவில்லை.

ஆட்டோவில் ஏறியபின் தலையை நீட்டித்
தமிழில், சுத்தமாக,
சாப்பிட்டாச்சா? என்றாள்.

இன்னும் இல்லை என்று
நான் வாயெடுப்பதற்குள்
ஆட்டோ தெருமுனை திரும்பிவிட்டது.