திறக்காத தடி

விருந்தாளிகள் எல்லோரும் முதலில் கேட்பது:
"இதால் யாரையாவது குத்தியிருக்கிறார்களா?"
தெரியாது என்பேன். உண்மையும் அதுதான்.
ஒன்றில் மட்டும் ஒரு கறை இருக்கிறது.
பாலாடைக்கட்டி வெட்டியதாக இருக்கலாம்.

லியோன் நகரில், க்ருவா-ரூஸ் மேட்டில், நான்காவது மாடி.
கூடத்துச் சுவரில் பித்தளைக் கொக்கிகள்.
முப்பத்தாறு கைத்தடிகள்,
முப்பத்தாறின் வயிற்றிலும் கத்தி.
திருகினால் கழல்வது, பொத்தானை அழுத்தினால் துள்ளுவது,
சும்மா இழுத்தாலே வந்துவிடுவது
(இதுதான் ஆபத்து, உடையவனுக்கு).
க்ரெனோபிள் பத்திர எழுத்தர் ஒருவருடையதில்
டொலேடோ என்று பொறித்திருக்கும்.
பொய். ஸோலிங்கன் இரும்பு.
அவருக்குத் தெரிந்திருக்காது,
தெரிந்தும் பேசாமல் இருந்திருப்பார்.

புதிதாகச் சேர்ப்பவர்கள் பிடியைப் பார்ப்பார்கள்:
வெள்ளியா, தந்தமா, நரித்தலையா.
நான் தடியைத் தலைகீழாகப் பிடிப்பேன்.
பூணைப் பார்ப்பேன்.
தேயவே தேயாத பூண்கள்.
நல்ல கால்கள் உள்ள கனவான்கள்
இருட்டுக்குப் பயந்து வாங்கிய தடிகள்.

பிப்ரவரி. கால்வாயோரச் சந்தை.
பெல்காசெமின் மேசையில்
காப்பி அரைக்கும் எந்திரத்துக்கும்
ஜோடி சேராத கரண்டிகளுக்கும் நடுவே கிடந்தது:
மலாக்கா பிரம்பு, கொம்பில் செதுக்கிய வாத்துத்தலை,
ஒரு கண் உதிர்ந்திருந்தது.
பிடிக்கு நான்கு விரற்கடை கீழே மெல்லிய பிளவுக் கோடு.
பூணோ
உட்பக்கமாகத் தேய்ந்து பிறையாகியிருந்தது.
"கத்தி உள்ளேதான் மதாம். துருவேறி இறுகிவிட்டது."
தொண்ணூறு என்றார். அறுபது என்றேன்.
எழுபத்தைந்துக்கு முடிந்தது,
கூடவே ஒரு நாய்ச்சங்கிலி இலவசம்.
எனக்கு நாய் கிடையாது.

மூன்று வாரம்.
எண்ணெய், முடி உலர்த்தி, ரப்பர் கையுறை,
உறைந்த பட்டாணிப் பொட்டலங்களோடு கட்டி ஓர் இரவு.
அசையவில்லை.

கீழ்த்தளத்தில் ரோந்தெல், கால்நடை மருத்துவர்.
நூல்கண்டு விழுங்கிய பூனை ஒன்று இறங்கியதும்
எஃகு மேசையில் என் தடியைக் கிடத்தினாள்.
"ஆடாதே" என்று பழக்கத்தில் அதனிடமும் சொன்னாள்.

திரையில்
வெள்ளையாக ஒரு வளையம், வெள்ளையாகப் பூண்,
ஊசிமுனைபோல் இரண்டு ஆணிகள்.
நடுவில், பளிச்சென்று ஒரு கோடு நீள வேண்டிய இடத்தில்,
சாம்பல் நிறம். மரம்.
"எடுத்துவிட்டிருக்கிறார்கள்" என்றாள்.

யாரோ கத்தியை உருவி,
குழிக்கு அளவெடுத்து ஒரு மரக்குச்சியைக் கடைந்து,
பசை தடவி இறக்கி,
இனி திறக்கவே வேண்டாம் என்று ஆணியும் அடித்திருக்கிறான்.
அல்லது அடித்திருக்கிறாள்.

இதை யாரிடமும் சொன்னதில்லை:
கத்திக்காகக் குடைந்த தடி ஆளைத் தாங்காது.
பாதி உடம்பைச் சாய்த்தாலே கீச்சிடும்.
இரண்டு வருடமாக என் இடது இடுப்பு
படிக்கட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறது.
மருந்துக்கடை வாசலில் அலுமினியத் தடியைப் பார்த்து
இருமல் மிட்டாய் மட்டும் வாங்கித் திரும்பியவள் நான்,
முப்பத்தாறு ஊன்றுகோல்களின் சொந்தக்காரி.

எந்த வருடம் அது? எந்தக் குளிர்காலத்தில்
கால் பயத்தை முந்திக்கொண்டது?
உருவிய கத்தி என்ன ஆனது?
தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்ததா?
அந்த ஆளின் கால் என் காலைவிட மோசம்,
பூண் அவ்வளவுதான் சொல்கிறது.

ஏப்ரலில் மறுபடி சந்தைக்குப் போனேன்.
டிராம் நிறுத்தத்திலிருந்து நடந்தே.
பெல்காசெம் தூரத்திலேயே வாத்துத்தலையை அடையாளம் கண்டார்.
"திறந்ததா?"
"திறந்தது."
"கத்தி?"
"உள்ளேதான் இருக்கிறது. அப்படியே புதுசு."
நூறு கேட்டிருக்கலாமே என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.
நான் கரண்டிகளைப் புரட்டிக்கொண்டு
வெகுநேரம் நின்றேன்,
முழு எடையையும் அதன்மேல் போட்டு.