முக்கால் பங்கு ஹீலியம்

பலூன் உன்ர பொறுப்பு என்று
புதன்கிழமையே சொல்லிவிட்டார் அண்ணி.
சனி பின்னேரம் ஐந்தரைக்குத்தான்
எனக்கு அது ஞாபகம் வந்தது.

வூப்பர்ட்டாலில் அந்தக் கிழமை
ஆறு வயதுக்காரர் எல்லாரும்
முதன்முதலாய்ப் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.
நகரத்து ஹீலியம் முழுவதும்
அவர்களோடு போய்விட்டது.
எல்பர்ஃபெல்ட் கடையில் வெறும் தட்டு,
அதில் விலைச்சீட்டு மட்டும்.
கட்டடச் சாமான் கடையில்
சிமெந்து இருந்தது, வேலிக்கம்பி இருந்தது.
"பறக்கிற சாமான் ஒன்றும் இல்லை" என்றாள்
சிவப்பு மேலங்கிக்காரி, சிரிக்காமல்.
எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.
விடிந்தால் ஞாயிறு,
இந்த நாட்டில் ஓர் ஆணிகூட வாங்க முடியாத நாள்.

கைபேசியில் ஒரு சின்ன விளம்பரம்:
டாங்கி, முக்கால் பங்கு மிச்சம்,
பதினைந்து யூரோ,
ஃபோவிங்கல், மூன்றாம் மாடி.

கதவைத் திறந்தவர் பெயர் டோர்ஸ்டன்.
குளியலங்கி. ஒற்றைக் காலில் சாக்ஸ்.
டாங்கியைத் தூக்கிப் பார்த்தேன்.
தெரிந்தவன் போல ஒருதரம் குலுக்கினேன்.
"குலுக்கிப் பிரயோசனமில்லை,
நிறைந்திருந்தாலும் தீர்ந்திருந்தாலும்
இது இரும்பின் பாரம்தான்.
உள்ளே இருப்பது ஐம்பது கிராம்.
நம்பினால் எடுத்துக்கொள்."

அவர் தோளுக்குப் பின்னால், நடைவழியில்,
வெள்ளி நிறத்தில் எழுத்துப் பலூன்கள்
சுருங்கிக் கிடந்தன.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
பத்து எழுத்து, என்றார்.
'என்னை மன்னித்துவிடு' என்பதற்கு
அவருடைய மொழியில் பத்து வேண்டுமாம்.
எட்டு நாள் கூரையில் ஒட்டி நின்றனவாம்.
ஒன்பதாம் நாள் அவள் வந்தாளாம்.
அப்போது நான்கெழுத்து இறங்கிவிட்டிருந்தது.
மிச்சத்தை அண்ணாந்து வாசித்துவிட்டு
காப்பி மெஷினை எடுத்துக்கொண்டு போனாளாம்.

என்ன சொல்வதென்று தெரியாமல்
பதினைந்துக்குப் பதில் இருபதை நீட்டினேன்.
மிச்சம் ஐந்தைத் தேடி உள்ளே போனவர்
காசில்லாமல் திரும்பி வந்தார்.
"பிள்ளையின் பெயர் என்ன?"
மிதுனா.
குனிந்து, குவியலுக்குள் துழாவி
எம் எழுத்தை எடுத்துத் தந்தார்.
'என்னை' என்ற சொல்லின் முதலெழுத்து.
"திரும்ப அடைக்கலாம்,
வால்வு நல்லாயிருக்கு."

தொங்கு ரயிலில்
மடியில் டாங்கி, மேலே என் சால்வை.
காஸ் கொண்டுபோகலாமோ கூடாதோ
யாரிடமும் கேட்கவில்லை.
காலுக்கடியில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.
எதிரே இருந்த பெண்
சால்வையையும் என் கையின் வளைவையும் பார்த்து
குரலைத் தாழ்த்தி
தொலைபேசியில் பேசினாள்.
ஒரு வளைவில் பெட்டி ஆடியபோது
நானும் என்னையறியாமல்
டாங்கியின் முதுகைத் தட்டினேன்.

இருபத்திரண்டு பலூன் ஊதினோம்.
அண்ணி எண்ணினார், நானும் எண்ணினேன்.
முப்பதில் முக்கால்,
அரைப் பலூன்கூடப் பொய்யில்லை.
வழியெல்லாம் நான்
அந்த மனிதரை மனதுக்குள் திட்டியது வீண்.
கடைசியில்தான் எம்மை அடைத்தேன்.
முனகிக்கொண்டு நிமிர்ந்தது,
மடிப்புகள் மட்டும் போகவில்லை.

"சித்தப்பா, இது புதுசில்லையே."
இல்லை.
"ஏன் சுருக்கமாயிருக்கு?"
ஒராள் ஒருக்கால் பாவிச்சது.
"என்னத்துக்கு?"

குழாயை முழுக்கத் திறந்தேன்.
மிச்சக் காற்று பெரிதாய்ச் சீறியது,
ஒன்றும் கேட்காத அளவுக்கு.
அவள் காதைப் பொத்திக்கொண்டு
அது நிற்கும்வரை
பார்த்துக்கொண்டே இருந்தாள்.