அறுபது சதவீதம்

ரீகாவில் இரவு பதினொன்றுக்கு மேல்
என் வேன் கிளம்பும்.
ஸ்கூட்டர் ஓட்டுகிறவன் இல்லை நான்.
விழுந்து கிடப்பதை நிமிர்த்துகிறவன்,
சார்ஜ் தீர்ந்ததற்கு வேறு பேட்டரி செருகுகிறவன்.
ஒன்றுக்கு நாற்பது நொடி.

எங்கே விட்டுப்போனார்கள் என்பதை வைத்து
யாரென்று ஓரளவு சொல்லிவிடுவேன்.
டிராமின் கடைசி நிறுத்தத்தில்
சுவரை ஒட்டி ஸ்டாண்டு போட்டு நிற்பவை
வேலை முடிந்து வீடு போனவர்கள் விட்டவை.
நாளைக்கும் வேண்டும் அவர்களுக்கு.
டாகவா ஆற்றுப் படிக்கட்டில்
குப்புறக் கிடப்பவற்றின் கைப்பிடியில்
பியர் பிசுபிசுக்கும்.

வெல்கா ரொட்டித் தொழிற்சாலைக்காரி.
விடிகாலை மூன்றரைக்கு எந்த டிராமும் இல்லை.
பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஒன்றாவது நிற்க வேண்டும் அவளுக்கு.
அங்கே வண்டி வைக்கச் சொல்லி உத்தரவு கிடையாது.
வைக்கிறேன்.
இரண்டு தடவை பேசியிருப்போம்,
இரண்டு தடவையும் மழையைப் பற்றி.

அவோட்டு தெருவில் ஒரு காலை
நடைபாதையை மறித்துக் கிடந்த ஒன்றில்
ஒருவருடைய வெள்ளைக்கோல் தட்டியது.
"மன்னிக்கணும்" என்றார்
ஸ்கூட்டரிடம்.
ஷிஃப்ட் முடிந்து வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன்,
கையில் பாதி கடித்த சாண்ட்விச்.
இறங்குவதற்குள் அவர் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.
அதற்குப் பிறகு
சாலையோரம் எது சாய்ந்து கிடந்தாலும்
என் கணக்கில் இல்லாவிட்டாலும்
வேன் தானாக நிற்கிறது.

நேற்று பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று.
விளக்கு எரிகிறது,
பயணத்தை யாரும் முடிக்கவில்லை,
நிமிடக் காசு ஓடிக்கொண்டே இருக்கிறது.
அறுபத்தெட்டு நிமிடம்.
அவள் ஆம்புலன்ஸில் முன்னே போயிருப்பாள்,
இவன் இதில் துரத்தி வந்திருப்பான்,
இப்படித்தான் இருக்கும்.
வேறு மாதிரியும் இருக்கலாம்.

ஆபீசுக்குப் போன் போட்டேன்.
"வாடிக்கையாளர்தான் முடிக்கணும்,
நாம தொடக்கூடாது" என்றாள் ஸெல்மா.
அவளுக்கும் தூக்கக் குரல்.

பேட்டரியில் அறுபது சதவீதம் மிச்சம்,
மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.
கழற்றினேன்.
விளக்கு அணைந்தது, காசு நின்றது.
'பேட்டரி கோளாறு' என்று பதிந்துவிட்டு
வண்டியைச் சுவரோரம் தள்ளினேன்,
கோல் ஒன்று தாராளமாகப் போகிற அளவுக்கு
இடம் விட்டு.

மேலே ஏழெட்டு ஜன்னல்களில் வெளிச்சம்.
எதையும் குறிப்பாகப் பார்க்கவில்லை.
மணி மூன்று பத்து,
பாலத்துக்கு இந்தப் பக்கம்
இன்னும் ஒன்று கொண்டுபோய் வைக்கவேண்டும்.