திரும்பும் வழிக்கான விதை

ஆணை வந்த இரவு
சிர் தரியாவில் பனிக்கட்டி விரிசல் விட்டுக்கொண்டிருந்தது,
யாரோ பெரிய பானைகளை
ஒவ்வொன்றாகப் போட்டு உடைப்பதுபோல.

கான் கிழக்கே போகிறார்.
எங்களில் ஒருவரும் பார்த்திராத நாடு.
மண்ணைச் சுட்டு, விரல் நிழல் தெரியும்படி
மெல்லிய கிண்ணம் செய்வார்களாம் அங்கே.
அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது.
கானுக்கும் தெரியாது என்பது என் ஊகம்.
ஊகத்தை நான் எழுதி வைப்பதில்லை.

படைக்கு முன்னால் விதை போகவேண்டும்.
ஆயிரத்து இருநூறு மூட்டை பார்லி;
ஓடையோரம், கிணற்றோரம்,
ஒரு நாள் நடைக்கு ஒரு வயல்.
குதிரை வரும்போது கதிர் முற்றியிருக்கவேண்டும்.

நான் யார்குல், களஞ்சியக் கணக்கன்.
வாளைத் தொட்டதில்லை.
மை உறைந்தால் அக்குளில் வைத்து இளக்கிக்கொள்வேன்.
அப்படி இளக்கித்தான் ஆணையின் கடைசி வரியைப் படியெடுத்தேன்:
திரும்பும் வழிக்கு, அடுத்த வசந்தத்தில் விதைக்க,
நானூறு மூட்டை ஒதுக்குக.

இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
படியெடுத்தவன் பிழை என்று ஆளனுப்பிக் கேட்டேன்.
முத்திரையோடு பதில் வந்தது:
பிழை இல்லை. நானூறு.

உழவுக்கு வந்தவர்களில் குன்சுலு என்றொருத்தி.
மகன் துலேகன் படையின் இடப்புறத்தில், பத்தாயிரத்தில் ஒருவன்.
மூட்டையை எண்ணிக்கொண்டே கேட்டாள்:
"போகிற குதிரைக்கு மூன்று பிடி,
வருகிற குதிரைக்கு ஒரு பிடியா?"
"வரும்போது சுமை குறைவு" என்றேன்.
என்னைப் பார்த்தாள்.
பிறகு நுகத்தடியைச் சரிசெய்தாள்.
அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பனி போய்ப் பசுமை வருவதற்குள் கான் படுத்துவிட்டார்.
வயிறு என்றார்கள். மூச்சு என்றார்கள்.
பன்னிரண்டு நாள்
கூடாரத்துக்கு வெளியே முரசு அடித்தபடியே இருந்தது,
உள்ளே சாப்பாடு போனபடியே இருந்தது.
சமையற்காரனின் நாய் கொழுத்ததைப் பார்த்துத்தான்
செய்தியைத் தெரிந்துகொண்டோம்.

பார்லியிடம் யாரும் சொல்லவில்லை.
அதுபாட்டுக்கு வளர்ந்தது,
ஆளரவமற்ற வெளியில் தொண்ணூறு வயல்.
முதலில் காடைகள் வந்தன.
அப்புறம் காட்டுக் கழுதைகள்,
அணிவகுக்கத் தெரியாமல், கண்ட இடத்தில் வாய் வைத்து.
அரசன் பயிரில் அரிவாள் வைத்தால் கை போகும்.
எந்த அரசன் என்று கேட்கப் பயந்து
ஒரு வாரம் வேடிக்கை பார்த்தோம்.
குன்சுலு இறங்கி அறுத்தாள்.
பேரேட்டில் நான் எழுதினேன்:
குதிரைகள் தின்றன.

கோடையில் அவர்கள் வரத் தொடங்கினார்கள்.
போகாத போரிலிருந்து திரும்பினார்கள்,
சம்பளம் இல்லாமல், தொடை புண்ணாகி,
சேணத்தைத் தம் முதுகிலேயே சுமந்து.
ரொட்டி கேட்டார்கள்.
மணல் நறநறக்கிறது என்று திட்டிக்கொண்டே தின்றார்கள்.

நான் களத்து வாசலில் நின்று
மூன்று மூன்று பேராக எண்ணிக்கொண்டிருந்தேன்.
நிறுத்த முடியவில்லை.
ஒவ்வொரு மூன்றிலும்
எவன் ஒருவனுக்கு நாங்கள் விதை ஒதுக்கினோம்?
அம்மைத் தழும்புக்காரனுக்கா,
அடுத்தவன் ரொட்டியில் பாதி பிய்க்கிறவனுக்கா,
காதில் பூச்சி போய்விட்டதென்று
தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டிருக்கிறானே, அவனுக்கா?

துலேகன் ஒன்பதாம் நாள் வந்தான்.
அவன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு ரொட்டி வைத்தாள்.
இரண்டாவதை வைத்தாள்.
மூன்றாவதை வைத்துவிட்டு
தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

அன்றிரவு மூட்டைகளைத் திறந்துவிட்டேன்.
நானூறுக்கு எதிரே
எலி என்று எழுதியிருக்கிறேன்.
சரிபார்க்க இதுவரை எவரும் வரவில்லை.