கொண்டி

ஐப்பசி இருபத்தாறு.
மாதகல் கடற்படை முகாமின் உணவுக் கூடத்தில்
நாற்பது பிளாஸ்டிக் கதிரைகள்.
முன்வரிசையில் வெள்ளைச் சீருடை.
பின்வரிசையில் மனைவிமார், மடியில் பிள்ளைகள்.
நடுவில் ஒருவருமில்லை.

நான் மாவட்டச் செயலகத்தில் இருந்து வந்தவள்.
வாசலில் என் அடையாள அட்டையை வாங்கி
ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள்.
அது இல்லாமல்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்:
அடையாள அட்டையை முதலில் எடுங்கள்.

என் சிங்களம் கச்சேரிச் சிங்களம்.
படிவம் நிரப்பத் தெரியும், பயம் சொல்லத் தெரியாது.
காற்றுக்கு எங்களிடம் நான்கு பெயர்,
வாடை, கொண்டல், சோளகம், கச்சான்.
முதலாவதைச் சொல்லப் போய்
'வடகிழக்கில் இருந்து வருவது' என்று முடித்தேன்.
ஒரு மாலுமிப் பொடியன் கையை உயர்த்தி
'வாடே' என்றான், ஓரளவு சரியாக.
வாடியில் வலை பொத்தும் அமலதாஸிடம்
கேட்டுப் பழகியிருக்க வேண்டும்.

பை ஒன்று. ஆளுக்கல்ல, வீட்டுக்கு.
தடுப்பூசி அட்டை, மருந்து, டோர்ச், விசில்,
மூன்று நாளுக்குப் பிஸ்கட்,
குழந்தைக்கு மாப்பால், கொதித்தாறிய தண்ணீர்.
பத்திரங்களைப் பொலித்தீனில் சுற்றி
வாயை மெழுகுதிரியில் காட்டி ஒட்டுங்கள்.

மெழுகுதிரி கையேட்டில் இல்லையே,
யார் சொல்லித் தந்தது என்றார் லெப்டினன்ட் எகொடகே.
பதினொரு வயதிலேயே தெரியும் என்றேன்.
எந்தப் புயலில் என்று அவர் கேட்கவில்லை.
குனிந்து, கையேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் உதேனி எழும்பினாள்,
இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று.
"கடல் ஏறினால் இவர் படகோடு போய்விடுவார்,
ஊர்ச்சனத்தைத் தூக்க.
எங்களை யார் தூக்குவது?"
யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

சுவரில் வரைபடம்.
அதில் முகாம் ஒரு வெள்ளைச் சதுரம்,
உள்ளே ஒரு கிணறு கூடக் குறித்திருக்கவில்லை.
வேலிக்கு வெளியே, மேட்டில், ஒரு பச்சைப் புள்ளி.
ஆலடிப் பள்ளிக்கூடம். இருநூறு பேர் கொள்ளும்.

"அங்கே எங்களை விடுவார்களா?"

எனக்கு இதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.
இருந்தும் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
சாவகச்சேரியில் ஒரு தேவாலய வாசலில்
நனைந்த பொலித்தீன் பையை நெஞ்சோடு அணைத்தபடி
அம்மா கேட்ட அதே நாலு சொல்.
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
ஆம் என்று சொல்ல வாய் வரவில்லை.

போகும்போது டப்பாவில் இருந்து
முதலில் வேறு யாருடையதோ அட்டையைத் தந்தார்கள்.

அதிபர் மங்களநாயகி ரீச்சர்
சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தா.
அவவின் தம்பியின் படம் வீட்டில் இருக்கிறது.
கார்த்திகையில் மட்டும் அலுமாரியை விட்டு வெளியே வரும்.
"கிணறு ஒன்றுதான்" என்றா கடைசியில்.
"வாளியும் ஒன்று."
கொஞ்சம் பொறுத்து,
"பொம்பிளைப் பிள்ளையளின்ரை கக்கூசுக்குக் கொண்டி இல்லை.
அதைப் போட்டுத் தரச் சொல்லும்.
பிறகு பாப்பம்."

பதிவேட்டில் எழுதினேன்:
கொண்டி இரண்டு, வாளி ஆறு.
வடக்கு வகுப்பறை ஊருக்கு, தெற்கு வகுப்பறை
என்று தொடங்கி, வெட்டினேன்.
மழை எந்தப் பக்கத்தால் சாத்துதோ
அதைப் பார்த்துத்தானே பாய் விரிக்க வேணும்.

கார்த்திகை மூன்று.
முகாமில் இருந்து ஒரு தச்சன் சைக்கிளில் வந்தான்,
சீருடை இல்லை, வாயில் திருகாணிகள்.
ரீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா.
இரண்டு பேருக்கும் பொதுவாய் ஒரு சொல்லும் இல்லை.
போட்டான், திறந்தான், ஒரு தரம் கழற்றி மறுபடி போட்டான்.
ரீச்சர் உள்ளே போய்ப் பூட்டிப் பார்த்தா.

"பிடிக்குது" என்றது உள்ளிருந்து குரல்.

விளங்காமல் அவன் என்னைப் பார்த்தான்.
வேம்பில் வாடை தொடங்கியிருந்தது.