வலப்பக்கம்

நோட்டின் இடப்பக்கத்தில் ஒரே ஒரு தொகை.
பதினான்கு லட்சம்.
அடியில் கோடு போட்டு
பேனாவை மூடிவிடலாம் என்கிறது மனசு.

வலப்பக்கம் காலி.

கொட்டிவாக்கத்தில்
கடலுக்கு மூன்றாவது தெருவில்
போர்வைக்குள் கிடந்தது வண்டி.
இரண்டு கதவு, இரண்டு இருக்கை,
மடங்கும் கூரை, பதினோரு வயது.
சுனந்தன் போர்வையை உருவியதில்
கொஞ்சம் மேஜிக் இருந்தது,
கொஞ்சம் பிணவறையும்.

"ஷோரூம்ல அம்பது மேடம், அன்னிக்கு."

பதினெட்டு வருஷமாய்
அடுத்தவர் கம்பெனிகளுக்குத் தேய்மானம் எழுதுகிறவள் நான்.
எனக்கே அப்போதுதான் உறைத்தது.
வண்டிக்கு வயதாகி விலை இறங்கிவிட்டது.
அதன் உதிரிபாகங்களுக்கு
வயதே ஆகவில்லை.
கிளட்ச் இன்னமும் ஐம்பது லட்சத்து கிளட்ச்.
பிரேக் தட்டு இன்னமும் விமானத்தில்தான் வரும்,
நான் பஸ்ஸில் போனாலும்.

ஆறின இன்ஜினைக் கேளுங்க,
சூடேத்தி வச்சிருந்தா திரும்பி வந்துடுங்க
என்று சொல்லி அனுப்பியிருந்தார்
புதுப்பேட்டை கலீலுல்லா.
பானட்டில் கை வைத்தேன்.
வெதுவெதுப்பு.
காலை ஆறேமுக்கால்,
வெயில் இன்னும் அந்தச் சந்துக்குள் வரவில்லை.
சுனந்தன் கடல் இருக்கும் பக்கம் பார்த்தார்.
அங்கிருந்து கடல் தெரியாது.

மறுநாள் ஐந்தரைக்கே போய் நின்றேன்.
சாவியைத் திருகியதும்
தகர டப்பாவில் புளியங்கொட்டை,
மூன்று விநாடி.
பிறகு சிங்கம்.
போனை இன்ஜினுக்கு நேராகப் பிடித்திருந்தேன்.
"சிங்கத்த விடுங்க,
அந்தப் புளியங்கொட்டை இருக்கு பாருங்க,
அது டைமிங் செயின்.
ஒண்ணேமுக்கால் எழுதிக்கங்க."

எழுதினேன்.
டயரில் பார்த்தால் தேய்மானமே இல்லை,
பக்கவாட்டில் எட்டு வருஷத்துக்கு முந்திய தேதி.
நாலையும் எழுதினேன்.
உப்புக்காற்று தின்ற பிரேக் குழாய்,
கூரை ஓரத்து ரப்பர்
(ஐப்பசிக்குள் மாற்றாவிட்டால்
மடியில் குடை விரித்து ஓட்டலாம்),
எலிக்குப் பிடித்த ஒயர்,
இன்ஷூரன்ஸ்.
வலப்பக்கம் தீர்ந்து
புரட்ட வேண்டியதாயிற்று.

சீட்டின் தண்டவாளத்துக்குள் விரலை விட்டு
முகர்ந்தும் பார்த்தேன்.
வண்டல் இல்லை.
இந்த ஊரில் வண்டி வாங்குகிறவர்கள்
விரலை முகர்வது வழக்கம்.

"கடைசி ரெண்டு வருஷ சர்வீஸ் பில்?"

ஹேண்ட் பிரேக்கை ஏற்றினார், இறக்கினார்.
"பில் இல்ல."
கொஞ்சம் கழித்து,
"சர்வீஸே இல்ல மேடம்.
தவணை கட்டி முடிச்சா வண்டி நம்மளுதுன்னு நெனச்சேன்."

இரண்டாவது கிளட்ச்சுக்குக் கொட்டேஷன் வந்த மாதம்
மகனுக்குக் கல்லூரிக் கட்டணமாம்.
அன்று போர்த்திய துணியாம்.
ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே உட்கார்ந்து
ரேடியோ மட்டும் கேட்பாராம்.

நான் பேரம் பேசத்தான் செய்தேன்.
நோட்டைத் திருப்பிக் காட்டினேன்,
அவர் ஒவ்வொரு வரியாக
பரீட்சை முடிவு பார்ப்பதுபோல் படித்தார்.
பத்தே முக்காலுக்கு வந்தார்.

மிச்சத்தைத் தொடவில்லை.
செயினுக்கும் டயருக்கும் தனியே எடுத்து வைத்தது போக
மாதம் பதினான்காயிரம் கட்டும்படி
நங்கநல்லூர் வங்கியில் ஒரு ஆர்டி.
படிவத்தைப் பார்த்த பெண் கேட்டாள்:
"எதுக்கு மேடம், பொண்ணு கல்யாணமா?"
"கிளட்ச்."
அவள் ஸ்பெல்லிங் கேட்டாள்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று
தெருமுனையில் ஒரு வேகத்தடை,
முந்தின ராத்திரி யாரோ போட்டது,
வெள்ளைக்கோடுகூட இல்லை.
இறங்கி சாணால் அளந்தேன்.
பின்னால் தண்ணீர் லாரி ஹாரன்.
நண்டுபோல் குறுக்காக ஏறினேன்,
முன்சக்கரம் தப்பியது,
பின்னது தப்பியது,
நடுவில் எங்கேயோ
கரகரவென்று ஒரு சின்னச் சத்தம்.

அதற்கும் ஒரு வரி வைத்திருந்தேன்.
போதுமா, தெரியாது.

கூரை திறக்கப் பன்னிரண்டு விநாடி.
திறந்தேன்.
அதை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று
லாரிக்காரர் யோசிக்க விடவில்லை.